போஸ்டரில் இடமில்லையா, தம்பி?

கேள்வி: என் அப்பா கொங்கு வட்டார மெல்லிசை மேடைகளில் பேர் வாங்கிய பேஸ் கிடார் கலைஞர். 3 வருடம் முன்பு தவறிவிட்டார். நானும் பேஸ்தான் வாசிக்கிறேன். எங்கே போனாலும் "அப்பா விரல் உனக்கு வரலியேப்பா" என்கிறார்கள். அமெரிக்க சோல் இசையில் ஜேம்ஸ் ஜேமர்சன் என்று ஒரு பேஸ் மேதை இருந்தார். அவர் மகன் ஜேம்ஸ் ஜேமர்சன் ஜூனியரும் பேஸ் கலைஞர், 2016-இல் காலமானார். அவர் கதையும் என் கதையும் ஒன்று என்று படுகிறது. அந்த அப்பா, மகன் இருவருக்கும் சேர்த்து ஒரு நினைவுக் கச்சேரி வைக்கிறேன். ஹால் பேசி, போஸ்டரும் அடித்தாயிற்று. அப்பாவோடு 22 வருடம் டிரம்ஸ் வாசித்த மாமாதான் இதற்கும் டிரம்ஸ். போஸ்டரில் இடம் பற்றாமல் அவர் பெயர் விட்டுப்போனதில் கொஞ்சம் மனத்தாங்கல், அது சரியாகிவிடும். என் கேள்வி இதுதான்: ஜூனியர் மாதிரி நானும் அப்பா நிழலிலேயே முடிந்துவிடுவேனா? பேஸை விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்:

தம்பி, இந்தக் கடிதம் எனக்கு மாதத்துக்கு ஒன்றாவது வந்துவிடும். ஊர் மாறும், தொழில் மாறும். ஒருவருக்கு அப்பா வக்கீல், இன்னொருவருக்கு அப்பா பரோட்டா மாஸ்டர். "கவலைப்படாதீர்கள், உங்களுக்கும் ஒரு காலம் வரும்" என்று எழுதுவேன் என்று காத்திருந்தீர்களானால், அதற்கு வேறு பத்திரிகைகள் இருக்கின்றன.

நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மேலே போட்டிருப்பது அதன் சுருக்கம்தான். பெரிய ஜேமர்சன் தடித்த வழவழப்பு ஸ்ட்ரிங்தான் போடுவார், அறுந்தாலொழிய மாற்றமாட்டார், சத்தம் இழுபடாமல் இருக்க பிரிட்ஜ் மூடிக்கு அடியில் நுரைப்பஞ்சு வைத்திருப்பார், ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே வாசிப்பார், அந்த விரலுக்குக் 'கொக்கி' என்றே பட்டப்பெயர். இவ்வளவும் எழுதிய கையால் மாமாவைப் பற்றி ஒரே ஒரு வரி. அதுவும் "அது சரியாகிவிடும்" என்று.

எப்படிச் சரியாகும்? யார் சரி பண்ணுவார்கள்?

அதற்கு வருகிறேன். முதலில் நிழல் விவகாரத்தை முடித்துவிடுவோம், ஏனென்றால் நீங்கள் கதையையே தலைகீழாகப் படித்திருக்கிறீர்கள்.

ஜூனியர் அப்பாவின் நிழலில் இருந்தார் என்கிறீர்கள். சரி, அந்த அப்பாவுக்கு நிழல் விழுகிற அளவு வெளிச்சத்தை யார் போட்டார்கள்? பெர்ரி கோர்டி 1959-இல் மோட்டவுன் என்ற இசைத்தட்டுக் கம்பெனியை ஆரம்பித்து, டெட்ராய்ட் நகரத்தில் வெஸ்ட் கிராண்ட் புலவார்டில் ஒரு சாதாரண வீட்டை வாங்கினார். பின்னால் இருந்த கராஜ்தான் ஸ்டூடியோ. மேலேயிருந்து ஒயர்கள் பாம்பு பாம்பாகத் தொங்கியதால் அதற்குப் 'பாம்புக் குழி' என்று பெயர். சுப்ரீம்ஸ், டெம்ப்டேஷன்ஸ், ஃபோர் டாப்ஸ், ஸ்டீவி வொண்டர் என்று பாட வந்தவர்கள் எல்லாம் உலகப் புகழ் ஆனார்கள். அவர்களுக்குப் பின்னால் அந்தக் குழியில் வாசித்த கூட்டம், தங்களுக்குள் 'ஃபங்க் பிரதர்ஸ்' என்று அழைத்துக்கொண்ட கூட்டம், ஆல்பம் அட்டையில் இல்லவே இல்லை. பத்து வருடத்துக்கும் மேல் அந்தக் கம்பெனியின் ஹிட்டுகளை இடுப்பில் தூக்கிச் சுமந்த பேஸ் பெரிய ஜேமர்சனுடையது என்று பாட்டைக் கேட்டு ஆடியவர்களுக்குத் தெரியாது. 1971-இல் மார்வின் கே என்ற பாடகரின் ஆல்பம் ஒன்று வந்தபோதுதான், அட்டையில் வாத்தியக்காரர்களின் பெயர் ஏறியது. 'ஒப்பற்ற ஜேம்ஸ் ஜேமர்சன்' என்று அதில் போட்டார்கள். அதற்குள் அவருக்கு 35 வயது.

அடுத்த வருடமே கம்பெனி லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போய்விட்டது. இவரும் பின்னாலேயே போனார். அங்கே இவருடைய வாசிப்பு பழசு என்றார்கள். குடி முன்பே இருந்தது, அது முற்றியது. 1983 மார்ச்சில் மோட்டவுனின் 25-ஆம் ஆண்டு விழா, பசடேனாவில், டி.வி. கேமராக்கள் சூழ. இவரை மேடைக்கு யாரும் கூப்பிடவில்லை. வெளியே பிளாக்கில் ஒரு டிக்கெட் வாங்கி, பின்னால் ஒரு சீட்டில் உட்கார்ந்து, தான் வாசித்த பாட்டுகளை வேறு யாரோ வாசிக்கக் கேட்டுவிட்டு வந்தார் என்று சொல்வார்கள். ஐந்தே மாதத்தில், ஆகஸ்ட் 2, போய்விட்டார். 47 வயது. சாவதற்குக் கொஞ்சம் முன்னால், மோட்டவுன் ஹிட்டுகளில் வாசித்த அந்த 1962-ஆம் வருட ஃபெண்டர் பேஸையும் யாரோ திருடிக்கொண்டு போயிருந்தார்கள்.

அவரைப் பற்றிப் புத்தகம் வந்தது 1989-இல். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற இசைக் கௌரவப் பட்டியலில் சேர்த்தது 2000-இல், செத்து 17 வருடம் கழித்து. ஃபங்க் பிரதர்ஸைப் பற்றிச் சினிமா வந்தது 2002-இல். இப்போது மகனைப் பாருங்கள். 1978-இல், கிடார் வாசித்த டேவிட் வில்லியம்ஸோடு சேர்ந்து 'ஷான்சன்' என்று ஒரு குழு அமைத்து, ஒரு டிஸ்கோ பாட்டில் அமெரிக்கத் தரவரிசையில் 21-ஆம் இடம் வரை போனவர் அவர். முன்னால் நின்ற குழுவே அவருடையது. அப்பா அதே லாஸ் ஏஞ்சலிஸில் வேலை குறைந்துபோய் உட்கார்ந்திருந்த வருடங்கள் அவை. அப்போது எந்த நிழல் யார் மேல் விழுந்தது, சொல்லுங்கள்? வாத்தியக்காரர்களுக்குத் தெரியும் அப்பா யார் என்று. தெருவில் போகிறவனுக்கு ரெண்டு ஜேமர்சனும் ஒன்றுதான், ரெண்டு பேரையும் தெரியாது.

பெயரைப் பற்றியும் புலம்பியிருக்கிறீர்கள். நமக்காவது அப்பா ஒரு எழுத்தாக முன்னால் நிற்கிறார். அந்தப் பிள்ளைக்கு முழுப் பெயருமே அப்பாவுடையது, கடைசியில் ஒட்டிய 'ஜூனியர்' ஒன்றுதான் சொந்தம். அதோடு போய் அப்பாவின் வாத்தியத்தையே எடுத்து, அப்பா வாசித்த டெட்ராய்ட்டிலேயே பிறந்து, அப்பா தேய்ந்த ஊரிலேயே ஸ்டூடியோ ஸ்டூடியோவாக வாசித்துச் சம்பாதித்தவர். எனக்கு அவர்மேல் மரியாதை இருக்கிறது. பரிதாபம் இல்லை. அவரைத் தோற்றுப்போன பிள்ளையாக வைத்து நீங்கள் நினைவுக் கச்சேரி நடத்துவதாக இருந்தால், நடத்தாமலே இருக்கலாம்.

அப்புறம், நிழல் என்பதை நம் ஊரில் யாரும் திட்டி நான் கேட்டதில்லை. வெயிலில் நடந்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும் என்பார்கள். உங்கள் அப்பா பேரைச் சொல்லித்தானே உங்களுக்கு முதல் பத்து மேடை கிடைத்தது? கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இப்போது மாமா.

தம்பி, எனக்கு மேற்கத்திய சங்கீதம் பெரிதாகத் தெரியாது. ஆனால் என் அப்பா 31 வருடம் மேளத்தில் ஒத்து ஊதியவர். ஒத்து தெரியுமா? நாதஸ்வரம் மாதிரியே இருக்கும், விரல் வைக்க ஓட்டை கிடையாது. ஒரே சுருதி. மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே வாயால் விடாமல் ஊதவேண்டும், ராத்திரி ஊர்வலம் முடியும் வரைக்கும். கன்னம் ரெண்டும் பந்தாக உப்பியிருக்கும். வீட்டுக்கு வந்து சோறு மெல்ல முடியாமல் மோரில் கரைத்துக் குடிப்பார். கல்யாணப் பத்திரிகையில் நாதஸ்வரக்காரர் பெயர் பட்டத்தோடு இருக்கும், தவில்காரர் பெயர் இருக்கும். ஒத்துக்காரர் பெயர் ஒரு பத்திரிகையிலும் நான் பார்த்ததில்லை. ஒருமுறை ஒரு வீட்டில் அவரை விட்டுவிட்டுப் பந்தி முடித்துவிட்டார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "இடம் பத்தியிருக்காது" என்றார். நீங்கள் எழுதியிருக்கும் அதே சொல். அதனால்தான் உங்கள் வரியில் எனக்குக் கண் குத்திட்டு நின்றது.

இடம் பற்றவில்லையாம்! போஸ்டரை நீங்கள் கூடவே அனுப்பியதால் பார்த்தேன். உங்கள் படம் ஒன்று. அப்பா படம் ஒன்று. ஜேமர்சனின் பேஸ் கிடார் படம், அரைப் பக்கத்துக்கு. கீழே ஹால்காரர், சவுண்டு சர்வீஸ், ஒரு ஜவுளிக்கடை விளம்பரம், பார்க்கிங் வசதி உண்டு என்ற குறிப்பு. பார்க்கிங்குக்கு இடம் இருந்திருக்கிறது.

நீங்கள் கொண்டாடும் மனிதருக்குக் கம்பெனி என்ன செய்தது? பாட்டெல்லாம் வாங்கிக்கொண்டு பெயரை விட்டது. அந்த அநியாயத்தை நினைத்து நீங்கள் ஒரு சாயங்காலம் முழுக்க உருகப்போகிறீர்கள், பக்கத்தில் அதே காரியத்துக்கு ஆளான ஒருவரை உட்கார்த்தி வைத்துக்கொண்டு. உங்களுக்கே இது தெரியவில்லையா?

நீங்கள் வாத்தியக்காரர், உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பேஸ் தனியாக நிற்காது. காலால் அடிக்கும் கிக் டிரம் விழுகிற இடம் உறுதியாக இருந்தால்தான், பேஸ்காரன் தாளத்தைத் தாண்டிப் போய் விளையாடிவிட்டுத் திரும்ப முடியும். ஜேமர்சன் அவ்வளவு சுதந்திரமாக ஓடியதற்குக் காரணம் அந்தக் குழியில் டிரம்ஸில் உட்கார்ந்திருந்த பென்னி பெஞ்சமின். ஓடினவனைப் பிடித்துவைத்திருந்த கை அது. அவர் 1969-இல் செத்தார். அட்டையில் பெயர் வர ஆரம்பித்த 1971-ஐ அவர் பார்க்கவே இல்லை. ஹால் ஆஃப் ஃபேம் அவரை ஏற்றது 2003-இல், 34 வருடம் கழித்து. உங்கள் நாலு பக்கத்தில் பெஞ்சமின் பெயரும் இல்லை. தேடிப் பார்த்தேன்.

"அப்பா விரல் உனக்கு வரலை" என்கிறார்களே, வருமா? அப்பா விரலுக்கு அடியில் 22 வருடம் அந்த மாமாவின் கால் இருந்தது. நீங்கள் விரலை மட்டும் வீட்டில் உட்கார்ந்து பழகிக்கொண்டிருக்கிறீர்கள். அவரிடம் போய், "இந்த இடத்தில் அப்பா ஏன் முந்தி வருவார், மாமா?" என்று எப்போதாவது கேட்டதுண்டா? எந்தக் கல்யாணத்தில், எந்தப் பாட்டில், அப்பா எங்கே தப்பினார், இவர் எப்படித் தாங்கினார் என்பது இன்றைக்கு உலகத்தில் ஒருவருக்குத்தான் தெரியும். அவருக்கும் 70-ஐ நெருங்கியிருக்கும்.

நான் பழைய காலத்து ஆள், அப்படித்தான் பேசுவேன். அப்பா போனால் வீடும் நகையும் மட்டும் பாகத்துக்கு வராது, மனிதர்களும் வருவார்கள். அப்பாவை மிஞ்சுவது உங்கள் கடமை என்று எந்த ஊரிலும் சட்டமில்லை. அவர் கூட நின்றவர்களை மதிப்பாக வைத்திருப்பது கடமை. இதில் எனக்குச் சமாதானமே கிடையாது. அவரை 'மாமா' என்று வாய் நிறையக் கூப்பிட்டுவிட்டு, போஸ்டரில் சவுண்டு சர்வீஸுக்குக் கீழேகூட வைக்கவில்லை என்றால், அந்த உறவுமுறையை வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் டிரம்மர் என்று சொல்லிச் சம்பளத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள், அதுவாவது நேர்மையாக இருக்கும்.

பேஸை விடலாமா என்ற கேள்விக்கு இப்போது நான் பதில் சொல்லமாட்டேன். கச்சேரி முடிந்து மூன்று மாதம், வாரம் ஒரு நாள், மாமா வீட்டில் போய் அவர் தட்ட நீங்கள் வாசியுங்கள். கிட் இல்லையென்றால் ஸ்டூலில் தட்டட்டும். அதற்கப்புறமும் விடத் தோன்றினால் எனக்கு எழுதுங்கள், மறுபேச்சு இல்லாமல் விடச் சொல்கிறேன்.

போஸ்டரைத் திரும்ப அடியுங்கள். காசு வீணாகிறதென்றால் ஆகட்டும். ஸ்டிக்கர் ஒட்டி ஒப்பேற்றவேண்டாம், அது இன்னும் அவமானம். ஜேமர்சனின் கிடார் படத்தைப் பாதியாகச் சுருக்குங்கள், அவர் கோபித்துக்கொள்ளமாட்டார். உங்கள் பெயர் எந்த அளவோ அதே அளவில் மாமா பெயர். புதுப் போஸ்டரை வாட்ஸப்பில் அனுப்பாமல் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு, அவர் வீட்டுக்கு நேரில் போங்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும், காபி வரும்வரை.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் இனிஷியலை அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பிரதி எனக்கும் அனுப்புங்கள். நாலு பக்கக் கடிதத்தில் 'மாமா' என்று எழுதினீர்களே தவிர, அவர் பெயர் என்ன என்று எழுதவே இல்லை.