மின்பாதை முன்னே, மின்நிலையம் பின்னே

கேள்வி: காற்று பலமாக வீசும் ஆடி மாதத்திலும் ஆரல்வாய்மொழிப் பக்கம் சில காற்றாலைகளை நிறுத்தி வைக்கிறார்களே, ஏன்? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: பழுதால் நிற்பவை போக, இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. அந்த நேரத்தில் மின்தேவை குறைந்திருக்கலாம். அல்லது, உற்பத்தியாவது முழுவதையும் கொண்டுசெல்ல மின்பாதைக்கு வலு இல்லாதிருக்கலாம். அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் பாய்ந்தால் கம்பி சூடேறித் தொய்ந்துவிடும் என்பதால், அந்த வரம்பை எட்டுவதற்கு முன்பே உற்பத்தியைக் குறைக்கச் சொல்கிறார்கள். நிலக்கரியை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். வீசிப்போன காற்றை வைத்துக்கொள்ள முடியாது.

சூரிய மின்நிலையத்தை ஓரிரு ஆண்டுகளில் அமைத்துவிடலாம். பல மாவட்டங்களைக் கடக்கும் 400 கிலோவோல்ட் பாதைக்கோ நில அளவை, வனத்துறை அனுமதி, இழப்பீடு என்று அதைவிட நெடுங்காலம் பிடிக்கிறது. ஆகவே, நிலையம் வந்தபின் பாதையைப் பற்றி யோசித்தால் என்றுமே பின்தங்கித்தான் இருப்போம்.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் இம்முறையைத் தலைகீழாக மாற்றியது. 2005-ல் இயற்றிய சட்டத்தின்படி, காற்று வளம் மிகுந்த பகுதிகளை மண்டலங்களாக அறிவித்து, காற்றாலைகள் வரட்டும் என்று காத்திராமல், சுமார் 18,500 மெகாவாட் மின்சாரத்தை நகரங்களுக்குக் கொண்டுசெல்லும் ஏறத்தாழ 5,800 கிலோமீட்டர் பாதைகளை 2014 தொடக்கத்துக்குள் அமைத்து முடித்தது. சுமார் 700 கோடி டாலர் செலவை மின்நுகர்வோர் அனைவரும் பகிர்ந்துகொண்டனர். 2009-ல் சுமார் 17 விழுக்காடு காற்று மின்சாரம் பயன்படாமல் போன நிலை மாறி, 2014-ல் அந்த இழப்பு ஒரு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. பின்னர் நிலையங்கள் பெருகியதும் நெரிசல் திரும்பியது என்பதால், திட்டமிடல் ஒருமுறையோடு முடிகிற வேலையல்ல.

நம்மிடமும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. கயத்தாறு, தப்பகுண்டு, ராசிபாளையம் ஆகிய இடங்களில் 400 கிலோவோல்ட் துணைமின் நிலையங்கள் வந்துள்ளன. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு வரும் 6,000 மெகாவாட் திறனுள்ள நேர்மின்னோட்டப் பாதை, காற்றுப் பருவத்தில் நம் உபரியை வடக்கே அனுப்பவும் ஏற்ற வகையில் அமைக்கப்பட்டது.

கேள்வி: உயர்மின் கோபுரம் அமையும் நிலத்தின் உழவருக்கு என்ன கிடைக்கும்? (வாசகர், பல்லடம்)

பதில்: நிலம் கையகப்படுத்தப்படுவதில்லை, உரிமை உழவரிடமே இருக்கும். ஆனால் 400 கிலோவோல்ட் பாதையின் கீழே சுமார் 46 மீட்டர் அகலத்துக்கு வீடு கட்டவோ, தென்னை போன்ற உயரமான மரங்களை வளர்க்கவோ இயலாது. கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 விழுக்காடு, கம்பி செல்லும் பகுதிக்கு அதிகபட்சம் 15 விழுக்காடு என்று 2015-ல் மத்திய அரசு வகுத்த வழிகாட்டுதல், 2024-ல் முறையே 200, 30 விழுக்காடு என்று உயர்த்தப்பட்டது. கொங்கு உழவர்களின் போராட்டங்களைக் கண்ட நம் மாநிலத்தில், இத்தொகையைத் திட்டச் செலவில் முதலிலேயே சேர்ப்பதும், தடத்தை முடிவு செய்யும் முன்பே கிராம சபையில் வரைபடத்தை வைத்துப் பேசுவதும் கட்டாயமாக்கப்பட வேண்டும் என்பதே என் கருத்து.