புது லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டபடியே வேலை செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். நூறு சதவீதம் ஏறியதும் சார்ஜ் தானாக நின்றுவிடும். ஆனால் லேப்டாப்பில் இருக்கும் லித்தியம் அயான் பேட்டரிக்கு ஆகாதவை இரண்டு: எந்நேரமும் முழு சார்ஜில் இருப்பது, சூடு. இரண்டும் சேர்ந்தால் சீக்கிரமே தளர்ந்துவிடும். பல லேப்டாப்களில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி உண்டு. மேசையிலேயே வைத்து வேலை செய்பவர் முதல் நாளே அதைப் போட்டுவிடுங்கள். 'முழுசாகத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும்' என்பது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்குச் சொன்னது. இதற்குப் பொருந்தாது.

சூடுதான் எனக்குப் பெரிய கவலை. என் பழைய லேப்டாப்பை மெத்தைமேல் வைத்தே இரண்டு வருடம் ஓட்டினேன். ஃபேன் இரைச்சல் தாங்காமல் கழற்றிப் பார்த்தால், காற்று வெளியேறும் சந்தில் சாம்பல் நிறத்தில் பஞ்சு கம்பளிபோல் படிந்திருந்தது. மெத்தையில்தான் வைப்பேன் என்றால் அடியில் ஒரு பலகையாவது வையுங்கள்.

அப்புறம், மூடியை ஓரத்தைப் பிடித்துத் தூக்காமல் நடுவில் பிடித்துத் திறங்கள். கீல் நாள்படத் தாங்கும். திரையைத் துடைக்க லேசாக ஈரமாக்கிய மைக்ரோஃபைபர் துணி போதும். தண்ணீரை நேராகத் திரையில் தெளிக்க வேண்டாம்.