கரண்டு போனா டேபும் போயிடுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், கூடலூர்ல சின்னதா ஒரு பிரவுசிங் சென்டர் வச்சிருக்கேன். ஆடி மாசம் பொறந்தாலே இங்க மழைக்கு எங்கயாவது மரம் விழுந்து கரண்டு போயிடும், யூபிஎஸ்ஸும் தாங்க மாட்டேங்குது. திரும்ப ஆன் பண்ணா குரோம்ல தொறந்து வச்சிருந்த டேப் ஒண்ணையும் காணோம். சிஸ்டம் வேற 4 ஜிபி ராம், பத்து டேப் தொறந்தாலே திணறுது. வேற பிரவுசர் போடலாமா? இல்ல குரோம் கூட சேத்துக்கிற மாதிரி நல்ல எக்ஸ்டென்ஷன் எதாச்சும் இருந்தா சொல்லுங்க.

பதில்: பிரவுசரும் மாத்த வேணாம், எக்ஸ்டென்ஷனும் வேணாம். உங்களுக்கு வேண்டியது எல்லாமே குரோமுக்குள்ளயே இருக்கு, யாரும் தொறந்து பாக்குறதில்ல, அவ்ளோதான்.

முதல்ல டேப் விஷயம். கரண்டு போய் வந்ததும் குரோம தொறந்தா மேல வலது ஓரத்துல ‘ரீஸ்டோர்’னு ஒரு சின்ன பெட்டி வரும், கஸ்டமர் நிக்கிற அவசரத்துல அத இன்டு போட்டு மூடிடுவோம். மூடினாலும் ஒண்ணும் கெட்டுப் போகல, வேற வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கன்ட்ரோல், ஷிஃப்ட் ரெண்டையும் புடிச்சிக்கிட்டு ‘T’ய தட்டுங்க, பழைய விண்டோ பெரும்பாலும் அப்படியே எழுந்து வந்துடும். வரலைன்னா ஹிஸ்டரில ‘ரீசன்ட்லி க்ளோஸ்டு’ன்னு இருக்கும், அதுல பாருங்க. ஃபயர்பாக்ஸ்னா ஹிஸ்டரி மெனுவுல ‘ரீஸ்டோர் ப்ரீவியஸ் செஷன்’.

ஒவ்வொரு தடவையும் இப்படி தட்டாம தானாவே வரணும்னா செட்டிங்க்ஸ்ல ‘ஆன் ஸ்டார்ட்அப்’ போய் ‘கன்டின்யூ வேர் யூ லெஃப்ட் ஆஃப்’னு வச்சா போதும். ஆனா உங்க கடைக்கு நான் இத யோசிக்காம சொல்ல மாட்டேன், ஏன்னா அத வச்சா டேப் மட்டும் திரும்பி வராது, அந்தந்த சைட்ல போட்டிருந்த லாகினும் பல நேரம் கூடவே வரும், அதாவது பட்டாவுக்கோ ஸ்காலர்ஷிப்புக்கோ வந்துட்டு லாக்அவுட் பண்ணாம போனவரோட அக்கவுண்ட் அடுத்து உக்கார்றவர் கண்ணு முன்னாடி தொறந்து நிக்கும். நம்மள நம்பி ஆதார் நம்பர் சொல்றாங்க, அதனால இத தயவுசெஞ்சு சீரியஸா எடுத்துக்கோங்க. உங்க சொந்த வேலைக்கு தனியா ஒரு ப்ரொஃபைல் போட்டு அதுல மட்டும் இந்த செட்டிங் வைங்க. கஸ்டமர் வேலை எதுவா இருந்தாலும் மேல இருக்கிற ப்ரொஃபைல் படத்த அமுக்கி ‘கெஸ்ட்’ விண்டோவுல பண்ணுங்க, மூடின உடனே லாகின், ஹிஸ்டரி எல்லாம் அழிஞ்சிடும். கரண்டு போனா அந்த டேப் திரும்ப வராதுதான், அது வராம இருக்கிறதுதான் நல்லது. ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க, கெஸ்ட் விண்டோவுல டவுன்லோட் பண்ண பிடிஎஃப் அழியாது, டவுன்லோட்ஸ் ஃபோல்டர்ல அப்படியே உக்காந்திருக்கும். சாயங்காலம் கடைய சாத்துறப்ப அத காலி பண்ணிட்டு ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணிடுங்க.

பாதி ஃபார்ம்ல கரண்டு போனா டைப் பண்ணது திரும்ப வரும்னு நம்பாதீங்க. மனு மாதிரி நீளமா அடிக்கணும்னா நோட்பேட்ல அடிச்சு அப்பப்ப சேவ் பண்ணி, கடைசியா காப்பி பண்ணி போடுங்க.

திணறலுக்கு வருவோம். செட்டிங்க்ஸ்ல ‘பெர்ஃபார்மன்ஸ்’னு ஒரு பக்கம் இருக்கு, அங்க மெமரி சேவர ஆன் பண்ணுங்க, பாக்காம கெடக்குற டேப தூங்க வச்சு ராம விடுவிக்கும். அந்த டேபுக்கு திரும்பிப் போனா பக்கம் மறுபடி லோடு ஆகும், மழை நாள்ல நெட் இழுத்துட்டு இருந்தா அது பெரிய அவஸ்தை, அதனால அடிக்கடி வேணும்ங்கிற சைட்ட அங்கயே ‘ஆல்வேஸ் கீப் தீஸ் சைட்ஸ் ஆக்டிவ்’ல சேத்துடுங்க. அப்புறம் ஷிஃப்ட், எஸ்கேப் ரெண்டையும் சேத்து அமுக்கினா குரோமுக்குன்னே இருக்கிற டாஸ்க் மேனேஜர் தொறக்கும், எந்த டேப் எவ்ளோ மெமரி தின்னுதுன்னு வரிசையா காட்டும், எக்ஸ்டென்ஷனையும் சேத்து. எப்பயோ போட்டு மறந்துபோன கூப்பன் எக்ஸ்டென்ஷன், கன்வெர்ட்டர் எல்லாம் அங்கதான் மாட்டும். தூக்கிடுங்க. நீங்க எக்ஸ்டென்ஷன் கேட்டு எழுதிருக்கீங்க, நான் எடுக்கச் சொல்றேன், ஆனா 4 ஜிபில ஓட்டணும்னா வேற வழி இல்லங்க.

கேள்வி: கோத்தகிரி பக்கம் டீச்சரா இருக்கேன். வீட்டு கம்ப்யூட்டர்ல கீழ வலது மூலைல ‘உங்க சிஸ்டத்துல வைரஸ்’னு மாத்தி மாத்தி வந்துட்டே இருக்கு. ஃபார்மட் பண்ணணும்னு கடைல சொல்றாங்க. பண்ணிடவா?

பதில்: அவசரப்படாதீங்க டீச்சர். நீங்க சொல்ற மாதிரி மூலைல வர்றது பெரும்பாலும் வைரஸே கிடையாது, ஏதோ ஒரு வெப்சைட் அனுப்புற நோட்டிஃபிகேஷன். ‘நீங்க ரோபோ இல்லைன்னு காட்ட அலோ அமுக்குங்க’ன்னு சில சைட் ஏமாத்தும், வீட்ல யாராச்சும் அமுக்கிருப்பாங்க, பிள்ளைங்கள திட்டாதீங்க, பெரியவங்களே நிறைய பேர் அமுக்குறாங்க. குரோம்ல செட்டிங்க்ஸ், ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்க்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ்னு உள்ள போங்க. அனுமதி வாங்கின சைட் லிஸ்ட் இருக்கும், தெரியாத பேரு எல்லாத்தையும் பக்கத்துல உள்ள மூணு புள்ளிய அமுக்கி ரிமூவ் பண்ணுங்க, இனிமே எந்த சைட்டும் கேக்கவே கூடாதுன்னும் அங்கயே வச்சிடலாம். அந்த மெசேஜ்ல இருக்கிற நம்பருக்கு மட்டும் போன் பண்ணிடாதீங்க. இத பண்ணியும் வந்துட்டே இருந்தா அப்ப ஃபார்மட் பத்தி யோசிக்கலாம்.

கேள்வி: குன்னூர் தேயிலை ஏல விலைய தாத்தா தினமும் கம்ப்யூட்டர்ல பாக்குறாரு, எழுத்து சின்னதா இருக்குன்னு என்னையே வாசிக்கச் சொல்றாரு.

பதில்: கன்ட்ரோல புடிச்சிக்கிட்டு மவுஸ் வீல மேல உருட்டச் சொல்லிக் கொடு தம்பி, அந்த சைட்டுக்கு எவ்ளோ பெருசு வச்சோம்னு குரோமே ஞாபகம் வச்சிக்கும். எல்லா சைட்டும் பெருசா வேணும்னா செட்டிங்க்ஸ்ல ‘அப்பியரன்ஸ்’ போய் பேஜ் ஜூம் 125 வை. அங்கயே ‘கஸ்டமைஸ் ஃபான்ட்ஸ்’ல குறைஞ்சபட்ச எழுத்து அளவையும் கொஞ்சம் ஏத்திடு, ஏன்னா தமிழ் எழுத்துல சுழியும் கொம்பும் சின்ன சைஸ்ல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், இங்கிலீஷ் தெளிவா தெரியுற அளவுல தமிழ் தெரியாது. நியூஸ் படிக்கிறப்ப பக்கத்துல ரைட் கிளிக் பண்ணி ‘ஓப்பன் இன் ரீடிங் மோட்’ போட்டா விளம்பரம் ஒண்ணும் இல்லாம எழுத்து மட்டும் ஓரத்துல தனியா வரும்.

கேள்வி: ஊட்டில ஹோம்ஸ்டே நடத்துறோம். கெஸ்டுக்கு இ-பாஸ் எடுத்துத் தர்றப்ப எல்லாம் கூகுள்ல தேடித் தேடித்தான் போறேன். சுருக்கு வழி?

பதில்: 2024 மே 7-லேர்ந்து ஊட்டிக்கு வர்ற வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேணும்னு ஆனதால இது உங்களுக்கு அன்றாட வேலை ஆயிடுச்சு, அதுக்கு எதுக்கு தேடணும்? தேடினா மேல விளம்பரமா வர்றது அரசு சைட்டுதானான்னு வேற ஒவ்வொரு தடவையும் பாக்கணும். சரியான பக்கத்த ஒரு தடவ தொறந்து கன்ட்ரோல் ‘D’ அமுக்கி ‘பாஸ்’னு பேரு வச்சு புக்மார்க் பார்ல போட்டுடுங்க. பார் தெரியலைன்னா கன்ட்ரோல், ஷிஃப்ட், ‘B’.