கோச்சி கடல் தாண்டினதா?

கேள்வி: எங்கட அம்மப்பா மட்டக்களப்பில கோச்சி ஏறி இந்தியாவுக்குப் போனவராம், தலைமன்னார்ல கோச்சியையே கப்பல்ல ஏத்தித்தான் கடல் தாண்டினதாம் எண்டு வீட்டில சொல்லுவாங்க. உண்மையா ஐயா?
– வாசகி, வாழைச்சேனை

பதில்: அரைவாசி உண்மை தங்கச்சி. அம்மப்பா போயிருப்பார், கோச்சி போகல்ல. நம்மட தண்டவாளம் அஞ்சரை அடி அகலம், அங்கால தனுஷ்கோடிக்கு வந்தது மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலந்தான், பெட்டிய அப்பிடியே கப்பல்ல ஏத்திக் கொண்டுபோனாலும் அங்க இறக்கி ஓட்ட ஏலா. ஆக்கள்தான் தலைமன்னார் இறங்குதுறையில மூட்டை முடிச்சோட இறங்கி, கப்பல் ஏறி, முப்பது முப்பத்தஞ்சு கிலோமீட்டர் கடலத் தாண்டி வேற கோச்சி புடிச்ச. கோச்சி, கப்பல், திரும்பக் கோச்சி எண்டு போன இந்தப் பயணத்துக்கு 'போட் மெயில்' எண்டு பேர், அந்தப் பேரால வந்த குழப்பம் இது.

மதவாச்சியில இருந்து செட்டிகுளம், முருங்கன், மன்னார், பேசாலை எண்டு போற இந்தக் கிளைப் பாதை 1914ல திறந்தது, பாம்பன் பாலம் திறந்ததும் அதே வருசந்தான். மட்டக்களப்புக்கு கோச்சி வந்ததே 1928ல, அதனால அம்மப்பா போனது அதுக்குப் பிறகுதான், மாகோ சந்தியில இறங்கி வடக்கால போற கோச்சிக்கு மாறித்தான் போயிருப்பார்.

மலையகத்து ஆக்களுக்குத்தான் இந்தப் பாதை வேற கதை. தோட்ட வேலைக்கு ஆள் வந்த வழியும் இதுதான். 1964 அக்டோபர்ல, அந்த ஆக்களில ஒரு பெரிய பங்க இந்தியாவுக்கு அனுப்புறதுக்கு ரெண்டு அரசும் செஞ்ச சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், டிசம்பர்ல புயல் வந்து தனுஷ்கோடியையே அள்ளிக்கொண்டு போயிற்று. பிறகு கப்பல் ராமேஸ்வரத்துக்கு ஓடினது, இந்தியாவக் கண்ணாலயும் காணாத எத்தினையோ குடும்பம் இஞ்ச பிறந்து வளந்துபோட்டு அதே கோச்சியில தலைமன்னார் வந்து அதே கடலால அனுப்பப்பட்ட. போட் மெயிலப் பத்தி ஆசையாக் கதைக்கிறவங்க இத மட்டும் விட்டுருவாங்க, எனக்கு அது பிடிக்கிறல்ல.

சண்டைக்காலத்தில முதல்ல கப்பல் நிண்டது, 1990ல கோச்சியும் நிண்டது. பிறகு இந்தியக் கம்பனி ஒண்டு புதுசா தண்டவாளம் போட்டு, 2013ல மடு ரோட் வரைக்கும், 2015 மார்ச் 14ல தலைமன்னார் வரைக்கும் திறந்த, மோடி வந்துதான் கொடி காட்டினவர்.

கேள்வி: அப்ப நம்ம இப்ப போய்ப் பாக்க ஏலுமா?
– அதே வாசகி

பதில்: ஏலும், ஆனா மாகோவில மாறத்தான் வேணும், அம்மப்பா காலத்தில இருந்து அது மட்டும் மாறல்ல! கடைசி ஸ்டேஷன்ல இறங்கி வெளிச்சவீட்டுப் பக்கம் நடந்தா பழைய இறங்குதுறை துருப்பிடிச்சு கடலுக்குள்ள நிக்கும். மாகோவில அடுத்த கோச்சிக்குக் காவல் இருக்க வேண்டி வரும், சோத்துப் பார்சலோட நுளம்புத்திரியும் கொண்டுபோங்க.