ஒரு ஊருக்காக, சொந்தத்தில் ஒருவர் போனதுபோல அழுதிருக்கிறீர்களா?

அழுதிருக்கிறேன். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இருக்கும் நியூ ஆர்லியன்ஸுக்காக. 2005 ஆகஸ்ட் 29-ல் கத்ரீனா புயல் வந்தபோது நான் அங்கே குடியேறி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன்னும் பின்னும் வேறு ஊர்களில் இருந்திருக்கிறேன், எதற்காகவும் இப்படி உடைந்துபோனதில்லை.

நான் கும்பகோணம் பக்கத்துக்காரன். 2003-ல் மேற்படிப்புக்குப் போனேன். போன முதல் வாரமே அந்த ஊர் எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம், அதுவும் ஒரு டெல்டா என்பதுதான். காவிரிக்குப் பதில் மிசிசிப்பி. கரைமேல் ஏறி நின்றால்தான் தண்ணீர் தெரியும். கீழே தெருவில் நின்று பார்த்தால் கப்பல் நம் தலைக்கு மேலே போவதுபோல இருக்கும். ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் பாண்ட்சார்ட்ரெய்ன் ஏரி, நடுவில் கிண்ணம் மாதிரி ஊர். பாதி நகரம் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. பெய்கிற மழைத்தண்ணீரைக்கூடப் பம்பு வைத்து இறைத்துக் கால்வாய் வழியாக ஏரிக்கு அனுப்ப வேண்டும். கொள்ளிடக் கரை உடைந்த கதைகளைக் கேட்டு வளர்ந்த எனக்கு, அந்தக் கரைகளைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றில் லேசாக ஒரு பயம் இருந்தது.

இசையை நான் தேடிப் போகவில்லை, அது தெருவில் எதிரே வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ட்ரெமே என்கிற பழைய கறுப்பினத்தவர் பகுதியில் நடந்துகொண்டிருந்தேன். முனை திரும்பினால் ஒரு சவ ஊர்வலம். முன்னால் கறுப்புக் கோட்டு போட்ட பெரியவர் ஒருவர், தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு அணைத்தபடி, ஒரு காலை வைத்து, நின்று, அடுத்த காலை வைத்து நடக்கிறார். பின்னால் ட்ரம்பெட், ட்ராம்போன், தோளைச் சுற்றிய பெரிய சூசாஃபோன். மெதுவான தேவாலயப் பாட்டு. ஸ்னேர் டிரம்மின் சத்தம் வித்தியாசமாக, மூச்சு அடைத்த மாதிரி இருந்தது. அடிப்பக்கத்துக் கம்பிகளுக்கு இடையில் கைக்குட்டையைச் செருகிவிடுவார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

கல்லறைத் தோட்டத்தில் எல்லாம் முடிந்து வெளியே வந்து, கொஞ்ச தூரம் நடந்த பிறகு, டிரம்காரர் அந்தக் கைக்குட்டையை உருவினார். அப்புறம் நடந்ததை என்னவென்று சொல்வது! அதே வாத்தியங்கள் அப்படியே துள்ளி எழுந்தன. குடும்பத்துக்கும் வாத்தியக்காரர்களுக்கும் பின்னால், வழியில் சேர்ந்துகொண்ட தெரு ஜனம் மொத்தமும் குடையைத் தூக்கி, கைக்குட்டையை வீசி ஆட ஆரம்பித்தது. இந்தப் பின்வரிசைக்குத்தான் 'செகண்ட் லைன்' என்று பெயர்.

எனக்கு எங்கள் தாத்தாவின் சாவு ஞாபகம் வந்தது. தொண்ணூறு தாண்டி, கொள்ளுப் பேரன் எடுத்துப் போனவர். கல்யாணச் சாவு. நாங்கள் பேரன்கள் நெய்ப்பந்தம் பிடித்தோம், தப்பு அடித்தவர்கள் தெருவையே கிடுகிடுக்க வைத்தார்கள். ஒரே ஒரு வித்தியாசம்தான். நம் ஊரில் போகும்போது ஆடுவோம். திரும்பும்போது பேச்சு இருக்காது, குளித்துவிட்டுத் தலையைக் குனிந்தபடி வீட்டுக்கு வருவோம். அங்கே போகும்போது அழுகை, திரும்பி வரும்போதுதான் ஆட்டம். இருக்கிறவர்கள் வீடு திரும்ப வேண்டுமே, அதற்கான இசை அது. அன்றைக்கு அது எனக்கு இவ்வளவு தெளிவாகப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன்.

இந்த வழக்கத்தின் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. அடிமைப்பட்ட ஆப்பிரிக்கர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி டிரம் அடித்து ஆடிய காங்கோ சதுக்கம் ட்ரெமேயின் ஓரத்தில்தான் இருக்கிறது. இன்று அது லூயி ஆம்ஸ்ட்ராங் பூங்காவுக்குள் வருகிறது. ஆம்ஸ்ட்ராங் 1901-ல் அந்த ஊரின் ஏழைத் தெருவில் பிறந்தவர். கறுப்பினத்தவருக்குக் காப்பீடு கிடைக்காத காலத்தில் அவர்களே மாதச் சந்தா போட்டுச் சங்கம் வைத்து, நோய்க்கும் சாவுக்கும் செலவு செய்துகொண்டார்கள். வாத்தியக்காரர்களை ஏற்பாடு செய்வதும் அந்தச் சங்கங்கள்தான். ஜாஸ் என்று உலகம் கொண்டாடுகிற இசை இப்படிப்பட்ட தெருக்களில் வளர்ந்தது. பிள்ளைகள் அதை அப்பா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர் பின்னால் நடந்தே கற்றுக்கொண்டார்கள். அதனால் அங்கே தெரு கலைந்தால் பள்ளிக்கூடம் கலைந்த மாதிரி. புயலுக்குப் பிறகு நடந்ததைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

நான் ப்ராட்மூர் என்ற பகுதியில், ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தேன். மாடியில் வீட்டுக்காரம்மா. எழுபது வயது தாண்டியவர், தேவாலயப் பாடகர் குழுவில் பாடுவார். என்னை 'பேபி' என்றுதான் கூப்பிடுவார், அந்த ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் பேபிதான். திங்கட்கிழமை அங்கே சிவப்பு பீன்ஸும் சோறும் சமைக்கிற நாள். ஞாயிறு ராத்திரியே பீன்ஸை ஊறப்போட்டுவிடுவார். திங்கள் முழுக்க அடுப்பில் அது கொதிக்கிற வாசனை கீழே வரும். கூடவே 90.7 வானொலியின் சத்தமும் வரும். 'ஓஸட்' என்று ஊர்க்காரர்கள் செல்லமாகச் சொல்லும் சமுதாய வானொலி அது, தன்னார்வலர்கள் நடத்துவது. சாயங்காலம் எனக்கு ஒரு தட்டு வந்துவிடும்.

ஆகஸ்ட் 28, ஞாயிறு விடியற்காலை நண்பர்கள் கார் எடுத்துக்கொண்டு வந்தார்கள். நான் மாடிக்குப் போய் அவரையும் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றார். "1965-ல் பெட்சி புயலையே பார்த்தவள் நான். பரணில் கோடாரி வைத்திருக்கிறேன், தண்ணீர் வந்தால் கூரையை வெட்டி மேலே போய்விடுவேன்." பெட்சியில் பரணில் மாட்டிக்கொண்டு செத்தவர்களின் கதை தெரிந்த பல வீடுகளில் அப்படி ஒரு கோடாரி இருந்தது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். இன்றைக்கும் அந்த எண்ணம் வரும்.

ஹூஸ்டனுக்குச் சாதாரணமாக ஆறு மணி நேரம் ஆகும் பாதை, அன்றைக்குப் பதினான்கு மணி நேரம் ஆனது. காலேஜ் சீனியர் அண்ணன் வீட்டில் எட்டுப் பேர் தரையில் படுத்தோம். திங்கள் மதியம் டிவியில், புயலின் கண் கொஞ்சம் கிழக்கே விலகிப் போய்விட்டது, ஊர் தப்பித்தது என்றார்கள். நாங்கள் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கினோம். செவ்வாய்க்கிழமை எழுந்து பார்த்தால் திரை முழுக்கத் தண்ணீர்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் தவறாகவே சொல்கிறார்கள். நியூ ஆர்லியன்ஸைப் புயல் அழிக்கவில்லை. கரை உடைந்ததால் அழிந்தது. 17-வது தெருக் கால்வாய், லண்டன் அவென்யூ கால்வாய் இரண்டிலும் தண்ணீர் சுவரின் தலையைத் தொடுவதற்கு முன்பே சுவர் சாய்ந்தது. அடியில் இருந்த மண் எவ்வளவு பலவீனமானது என்பதைச் சரியாகக் கணக்கில் எடுக்காமல் கட்டியிருந்தார்கள். இண்டஸ்ட்ரியல் கால்வாயின் சுவர் உடைந்து லோயர் நைன்த் வார்டு என்ற பகுதியில் வீடுகளை அடித்தளத்தோடு பெயர்த்து எறிந்தது. நகரத்தில் எண்பது சதவீதம் மூழ்கியது. மொத்தத்தில் 1,300-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கட்டியவர்களே 2006-ல் வடிவமைப்பில் பிழை இருந்தது என்று ஒப்புக்கொண்டார்கள். கரை வைத்து வாழும் ஊரில் பிறந்தவன் என்பதால் எனக்கு இதில் கோபம் அடங்கவே இல்லை. புயல் என்றால் யாரையும் கேட்க முடியாது. கரை என்றால் கேட்கலாம், கேட்க வேண்டும்.

அந்த வாரம் வந்த செய்திகளில் ஒன்று, ஃபேட்ஸ் டொமினோவைக் காணவில்லை என்பது. ராக் அண்ட் ரோலுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். உலகப் புகழ் வந்த பிறகும் லோயர் நைன்த் வார்டை விட்டுப் போகாதவர், அப்போது 77 வயது. அவர் வீட்டின் மேல் யாரோ அஞ்சலி வாசகமே எழுதிவிட்டார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து, அவரை ஏற்கெனவே மீட்டுவிட்டார்கள், உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்தது. அந்தச் செய்தி வந்தபோது நாங்கள் எட்டுப் பேரும் எழுந்து நின்று கத்தினோம். அவருடைய வெள்ளை பியானோ மட்டும் சேற்றில் கவிழ்ந்து கிடந்தது. இப்போது அதைச் சீர்செய்து அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் நான் உடைந்து அழுதது அதற்கெல்லாம் இல்லை. சில நாள் கழித்து, ஓஸட் வானொலி நியூ ஜெர்சியிலிருந்த இன்னொரு வானொலியின் உதவியோடு இணையத்தில் ஒலிக்க ஆரம்பித்தது. ராத்திரி அண்ணனின் கம்ப்யூட்டரில் அதைப் போட்டேன். பிராஸ் பேண்ட் ஒன்று வாசித்துக்கொண்டிருந்தது. அந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது, வாசித்தவர்கள் எந்த ஊரில் யார் வீட்டுத் தரையில் படுத்திருக்கிறார்களோ தெரியவில்லை, பாட்டு மட்டும் நான் இருந்த அறைக்கு வந்துவிட்டது. செத்துப்போனவரின் குரலை டேப்பில் கேட்ட மாதிரி இருந்தது. அன்றைக்குத்தான் அழுதேன், விடியும்வரை.

வீட்டுக்காரம்மாவை ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம் விளையாட்டரங்கில் கண்டுபிடித்தேன். ஆயிரக்கணக்கான கட்டில்கள். சுவரெங்கும் அட்டையில் எழுதி ஒட்டிய பெயர்கள். மாடிவரை தண்ணீர் ஏறவில்லை, மூன்றாம் நாள் படகில் வந்து இறக்கியிருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்ன முதல் வார்த்தை: "பேபி, பீன்ஸை ஊறப்போட்டிருந்தேன்." வேறெதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் மகள் வந்து அட்லாண்டாவுக்கு அழைத்துக்கொண்டு போனார்.

2006 ஜனவரியில் நான் திரும்பிப் போனேன். மரம், புல், வேலி, கார் எல்லாம் ஒரே சாம்பல் பழுப்பு நிறம். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒரே உயரத்தில் தண்ணீர் நின்ற கோடு. என் அறையில் அது என் தோளுக்கு வந்தது. கதவுகளில் தேடல் குழுக்கள் ஸ்ப்ரே பெயிண்டால் போட்ட பெருக்கல் குறி. அதன் கீழே ஒரு எண், உள்ளே எடுத்த உடல்களின் எண்ணிக்கை. எங்கள் கதவில் பூஜ்ஜியம் இருந்தது. பக்கத்துத் தெருவில் ஒரு கதவில் 2. தெரு ஓரத்தில் டேப் சுற்றிக் கட்டிய ஃபிரிட்ஜ்கள் வரிசையாக நின்றன. எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது சத்தமே இல்லாதது. நாய் இல்லை, குழந்தை இல்லை, எந்த வீட்டிலும் ரேடியோ இல்லை.

இசை போய்விடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். 2005 அக்டோபரிலேயே, பரணில் மாட்டிப் பிழைத்து வெளியூரில் இறந்துபோன ஆஸ்டின் லெஸ்லி என்ற புகழ்பெற்ற சமையல்காரருக்காக, இடிந்து கிடந்த தெருக்களின் வழியே ஹாட் 8 குழு வாசித்துக்கொண்டு போனது. பிரிசர்வேஷன் ஹால் என்ற பழைய ஜாஸ் அரங்கம் 2006-ல் மறுபடியும் திறந்தது. மார்டி கிரா திருவிழாவும் ஜாஸ் விழாவும் அந்த வருடம் நடந்தன. வீடிழந்த கலைஞர்களுக்காக மியூசிஷியன்ஸ் வில்லேஜ் என்று 72 வீடுகள் கட்டினார்கள்.

வராமல் போனவர்கள்தான் என் துக்கம். 2000-ல் நாலே முக்கால் லட்சத்துக்கும் மேல் இருந்த மக்கள்தொகை 2010-ல் மூன்றரை லட்சத்தைக்கூடத் தொடவில்லை. திரும்பாதவர்களில் பெரும்பங்கு ஏழைக் கறுப்பின மக்கள். வாடகை ஏறியது, ட்ரெமேயில் புதியவர்கள் வந்தார்கள். 2007-ல் அங்கே ஒரு ட்யூபா கலைஞரின் மறைவுக்காகத் தெருவில் வாசித்துப் போனவர்களைப் போலீஸ் நிறுத்தி இரண்டு பேரைக் கைது செய்தது. நூறு வருடத்துக்கும் மேலாக அழுது, ஆடிப் பழகிய தெருவில்! பிறகு ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட டாலரில் புதிய சுவர்களும் கதவுகளும் கட்டினார்கள். 2021-ல் அதே ஆகஸ்ட் 29-ம் தேதி ஐடா புயல் வந்தபோது அவை தாங்கின. சந்தோஷம்தான். ஆனால் யாருக்காகக் கட்டியிருக்க வேண்டுமோ, அவர்களில் பலர் அதற்குள் வேறு ஊர்க்காரர்களாகிவிட்டார்கள்.

வீட்டுக்காரம்மா அட்லாண்டாவிலேயே 2011-ல் இறந்தார். கடைசிவரை தொலைபேசியில் "இந்த வருஷம் வந்துவிடுவேன் பேபி" என்பார். உடலை மட்டும் ஊருக்குக் கொண்டுவந்தார்கள், அங்கே குடும்பக் கல்லறை இருந்தது. மகள் ஆறு பேர் கொண்ட பேண்ட் ஒன்றை ஏற்பாடு செய்திருந்தார். நானும் போனேன். மெதுவாக நடந்து போனோம், வைத்துவிட்டு வெளியே வந்தோம். டிரம்காரப் பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. கைக்குட்டையை உருவிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தான். ஆடினோம். நானும் ஆடினேன், முகமெல்லாம் கண்ணீரோடு.

அரை மணி நேரம் இருக்கும். பிறகு எல்லோரும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துவிட்டு வண்டிகளுக்குப் போனார்கள், ராத்திரிக்குள் ஊர் போய்ச் சேர வேண்டும் என்றார்கள். தெரு ஓரத்தில் இருபது கார்களாவது நின்றிருக்கும். நம்பர் பிளேட்டுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஜார்ஜியா, டெக்சாஸ், டெக்சாஸ், ஜார்ஜியா, டென்னசி. லூசியானா பிளேட் மூன்றோ நான்கோதான்.