பறிபோன வேகமும் 42,000 ரூபாய்ப் பட்டியலும்

கேள்வி: திருப்பூரில் பனியன் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். நான்கு மாதத்துக்கு முன், 34,000 கி.மீ. ஓடிய 2019-ஆம் ஆண்டு யமஹா ஆர்15 வி3 பைக்கைப் புரோக்கர் மூலம் வாங்கினேன். விற்றவர் காட்டிய வீடியோவில் 138 வரை போகிறது. என்னிடம் 118-ஐத் தாண்ட மறுக்கிறது. எங்கள் ரைடர்ஸ் குழுவில் ஒருவர் சொன்ன கடையில் போர் கிட் (பெரிய பிஸ்டன், சிலிண்டர்), முழு எக்சாஸ்ட், ஃபில்டர், ஈ.சி.யூ. (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) டியூனிங் எல்லாம் சேர்த்து 42,000 ரூபாய் ஆகும், 6 ஹார்ஸ்பவர் கூடும் என்கிறார்கள். செய்யலாமா? (ஆர்.சி. இன்னும் முதல் உரிமையாளர் பெயரில்தான் இருக்கிறது. மாற்றித் தருவதாகப் புரோக்கர் சொல்லியிருக்கிறார்.)

பதில்: வேண்டாம் தம்பி. அடைப்புக்குறிக்குள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த ஆர்.சி. விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். அதைப் படித்ததும்தான் எனக்கு இரத்தம் கொதித்தது. முதலில் வேகம்.

118 என்று எழுதிய நீங்கள், அந்த நேரத்தில் ஆர்.பி.எம். (என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்ற எண்) என்ன காட்டியது என்று எழுதவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டு எத்தனை டிகிரி என்று சொல்லாத நோயாளியைப் போல. பைக் ஒரு வேகத்துக்கு மேல் போக மறுத்தால் மூன்றில் ஒன்றுதான் நடக்கும். ஆர்.பி.எம். சரசரவென்று ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. மீட்டரில் ஆர்.பி.எம். பட்டை கடைசிவரை ஓடி, என்ஜின் வெட்டி வெட்டி நிற்கிறது என்றால், யாரோ ஸ்ப்ராக்கெட்டை (செயின் ஓடும் பல்சக்கரத்தை) மாற்றியிருக்கிறார்கள். பட்டை நடுவழியிலேயே மூச்சுவாங்கி நின்றுவிடுகிறது என்றால்தான் என்ஜினைச் சந்தேகிக்க வேண்டும், அல்லது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதில் எதற்குமே 42,000 ரூபாய் மருந்து இல்லை.

புரோக்கர் கை மாறி வரும் பைக்குகளில் நான் அதிகம் பார்ப்பது முதல் வகை. காரணம் ஆயில். இந்த பைக்கின் கிளட்ச் தட்டுகள் என்ஜின் ஆயிலிலேயே மூழ்கியிருப்பவை. கார் ஆயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் பொருள் கலந்திருக்கும். என்ஜினுக்கு அது நல்லது, உராய்வை நம்பியே பிழைக்கும் கிளட்சுக்கு விஷம். விற்பதற்கு முன் பைக்கைக் "கழுவித் துடைத்து" வைப்பவர், கையில் கிடைத்த மலிவான ஆயிலை ஊற்றி அனுப்பிவிடுகிறார். டப்பாவின் பின்புறம் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். எம்.பி. என்றிருந்தால் அது ஸ்கூட்டர் ஆயில், கடைக்காரர் என்ன சத்தியம் செய்தாலும் வாங்காதீர்கள். சோதனை எளிது: ஆளில்லாத நேர் சாலையில் நான்காவது கியரில் 40-இல் போய்க்கொண்டு ஆக்சிலரேட்டரை முழுதாக முறுக்குங்கள். ஆர்.பி.எம்.மும் வேகமும் கைகோத்து ஏற வேண்டும். ஆர்.பி.எம். மட்டும் தனியாகத் தாவினால் நோய் தெரிந்துவிட்டது. 80-ஐத் தொடுவதற்குள் விடை கிடைத்துவிடும், 118-க்கெல்லாம் போக வேண்டாம். நான்கு வழிச் சாலையிலேயே இருசக்கர வாகனத்துக்கு உச்ச வரம்பு 80தான். 130-ஐத் தாண்டும் பைக்கை விற்க அனுமதித்துவிட்டு, அதை ஓட்ட மாநிலம் முழுவதற்கும் இருங்காட்டுக்கோட்டை, செட்டிப்பாளையம் என்று விரல்விட்டு எண்ணும் பந்தயத் தடங்களோடு நிறுத்திக்கொண்ட ஏற்பாட்டைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது.

அடுத்து வி.வி.ஏ., அதாவது வால்வு திறப்பை என்ஜின் வேகத்துக்கேற்ப மாற்றும் அமைப்பு. வி3 என்ஜினில் 7,400 ஆர்.பி.எம்.மில் உள்ளிழுக்கும் வால்வுகளைத் திறக்கும் கேம் மாறும். கீழே இழுவைக்கு ஒன்று, மேலே வேகத்துக்கு ஒன்று. மாறும்போது மீட்டரில் வி.வி.ஏ. என்ற எழுத்து எரியும். மூன்றாவது கியரிலேயே பார்த்துவிடலாம். எரியவில்லை என்றால், அல்லது எரிந்தும் என்ஜினுக்குப் புது உயிர் வந்ததாகத் தெரியவில்லை என்றால், அந்த மாற்றத்தைச் செய்யும் சிறிய மின்காந்தப் பாகமான சாலினாய்டையும் அதன் ஒயரையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த பைக்கின் 19.3 பி.எஸ். (மெட்ரிக் குதிரைத்திறன்) முழுத் திறன் கிடைப்பது 10,000 ஆர்.பி.எம்.மில். மேல்மாடிக்குப் போகும் படியே அடைபட்டிருந்தால் அங்கே எப்படிப் போவீர்கள்?

பின் ஸ்ப்ராக்கெட்டின் பற்களை எண்ணி, பைக்கோடு வந்த கையேட்டில் உள்ள எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். முன்னாலும் எண்ணுங்கள். 14 பல் இருந்த இடத்தில் 13 போட்டால் பிக்கப் கூடும், ஆனால் ஒவ்வொரு கியரிலும் எட்டக்கூடிய வேகம் சுமார் 7 சதவீதம் குறையும். சிக்னலில் துள்ளிக் கிளம்ப வேண்டும் என்று பழைய உரிமையாளர் செய்திருக்கலாம். பின் டயர் 140/70-17தானா என்றும் பாருங்கள். "பார்க்கக் கம்பீரமாக இருக்கும்" என்று 150 போடும் கூத்து நடக்கிறது. பின் சக்கரம் தரையைத் தொடாதபடி பைக்கைத் தூக்கி நிறுத்தி, அதைக் கையால் சுற்றினால், டிஸ்க் உரசிக்கொண்டே இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், வால்வு இடைவெளி, செயின் ஆகியவற்றை உங்கள் ஊர் மெக்கானிக்கே பார்த்துவிடுவார். உயர் ஆக்டேன் பெட்ரோல் போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். போடலாம், கேடில்லை, வேகமும் வராது.

இன்னொன்று. விற்றவர் காட்டிய 138 மீட்டரில் காட்டிய 138. ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பதால், எல்லா நிறுவனங்களும் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படியே அமைக்கின்றன. அந்த வீடியோ எந்த பைக்கில், எந்தச் சரிவில் எடுத்தது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இப்போது அந்தப் பட்டியல். காற்று எதிர்ப்பை மீற வேண்டிய திறன், வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். விளக்கம் வேண்டாம், கணக்கை மட்டும் பாருங்கள்: உச்ச வேகம் 10 சதவீதம் கூட வேண்டுமானால் திறன் 33 சதவீதம் கூட வேண்டும். எக்சாஸ்ட், ஃபில்டர், ஈ.சி.யூ. மூன்றும் ஒத்துழைத்து 15 சதவீதம் கூடியது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கைக்கே அது பெரிய விஷயம். 130-இல் போகும் பைக் 136-இல் போகும். இந்த ஆறு கிலோமீட்டருக்குத்தான் இத்தனை ஆயிரம்.

போர் கிட் என்பது இன்னும் மோசம். பழைய பைக்குகளைப் போல இந்த சிலிண்டருக்குள் இரும்பு ஸ்லீவ் கிடையாது. சிலிக்கான் கலந்த அலுமினியத்திலேயே வார்த்தது. யமஹா இதை டயாசில் என்கிறது. லேத்தில் கடைந்து பெரிய பிஸ்டன் போடும் பாட்டி வைத்தியம் இதற்குச் செல்லாது. அந்நிய சிலிண்டரை மாட்டினால் ஆர்.சி.யில் உள்ள 155 சி.சி. பொய்யாகிவிடும்.

"டைனோவில் ஏற்றிக் காட்டுகிறோம்" என்பார்கள். டைனோ என்பது பைக்கின் திறனை அளக்கும் இயந்திரம். இந்தத் தந்திரத்தை நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். முதல் அளவை உங்கள் பைக் இப்போதிருக்கும் நிலையில் எடுப்பார்கள்: வழுக்கும் கிளட்ச், அடைத்த ஃபில்டர், தளர்ந்த செயின். பிறகு எக்சாஸ்ட் போடும் கையோடு ஆயில், ஃபில்டர், பிளக் எல்லாம் புதிதாகப் போட்டுவிட்டு இரண்டாவது அளவை எடுப்பார்கள். நான்கு ஹார்ஸ்பவர் கூடியிருக்கும். அதில் மூன்று எக்சாஸ்ட் கொடுத்ததல்ல, பைக்கிலிருந்து தொலைந்துபோனது. உங்கள் பொருளை உங்களுக்கே விலைக்கு விற்கிறார்கள். கேட்டால் தாளை நீட்டுவார்கள். தாள் பொய் சொல்லவில்லை, அதுதான் இதில் வேதனை. முழு சர்வீஸ் முடித்த பிறகு, அதே நாளில், அதே டைனோவில் முன்னும் பின்னும் எடுத்தால் மட்டுமே அந்தத் தாளுக்கு மதிப்பு. கம்பெனி சொல்லும் 19.3 கிராங்க் தண்டில் அளந்தது. டைனோ அளப்பது பின் சக்கரத்தில், அங்கே எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். "பாருங்கள், எத்தனை குறைந்திருக்கிறது" என்று அந்த வித்தியாசத்தைக் காட்டிப் பயமுறுத்தும் கடைகளும் உண்டு.

நானும் ஒரு காலத்தில் ஏமாந்தவன்தான். ராஜ்தூத் 350-இல் இரண்டு வகை வந்தது. ஒன்று 30.5 குதிரைத்திறன், எரிபொருள் மிச்சத்துக்காகப் பின்னால் வந்த மற்றொன்று 27. குறைந்ததை அதிகமானது என்று சொல்லி, சைலன்சரை மாற்றி மாட்டி, ஒரு புரோக்கர் என் தலையில் கட்டினார். அந்த பைக்குக்கு உதிரி பாகம் தேடி அலைந்ததில்தான் எனக்கு ரைடர் நண்பர்களே கிடைத்தார்கள். ஒருவரிடம் பிஸ்டன் இருக்கும், இன்னொருவரிடம் கேஸ்கெட் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை காலையில் டீக்கடையில் கைமாறும். யாரும் யாருக்கும் கமிஷன் தரவில்லை. உங்கள் குழுவில் அந்தக் கடையைச் சொன்னவர் எத்தனை பேரை அங்கே அனுப்பியிருக்கிறார் என்று நாசூக்காக விசாரித்துப் பாருங்கள்.

சட்டத்துக்கு வருவோம். அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ(4) பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஒலி, புகை விதிகளை மீறினால் 190(2) பிரிவில் முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கூடவே மூன்று மாதம் உரிமத் தகுதி இழப்பு. பறிமுதல் செய்த சைலன்சர்களை ரோடு ரோலர் ஏற்றி நசுக்கும் படம் அவ்வப்போது செய்தித்தாளில் வருகிறது. அதே சைலன்சரைக் கண்ணாடிப் பெட்டியில் விளக்குப் போட்டு விற்கும் கடைக்கு ரோலர் போன படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு. பைக்கைத் தடத்தில் மட்டுமே ஓட்டுவேன் என்றால் எக்சாஸ்ட் மாற்றுங்கள், நானே மாட்டித் தருகிறேன். ஆனால் "தடத்தில் மட்டுமே" என்பதற்கு என்ன பொருள் என்று தெரிந்துகொள்ளுங்கள். திருப்பூரிலிருந்து செட்டிப்பாளையத்துக்கு ஞாயிற்றுக்கிழமை ஓட்டிக்கொண்டு போய், ஐந்து சுற்று சுற்றிவிட்டு ஓட்டிக்கொண்டே திரும்புவது அல்ல. மினி டெம்போவில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும், ஏற்றிக்கொண்டுதான் வர வேண்டும். டெம்போ கிடைக்கவில்லை, பெட்ரோல் பங்க் வரைதானே, அதிகாலைதானே என்று தொடங்கினால் விதிவிலக்கு அங்கேயே முடிந்துவிட்டது. பழைய சைலன்சரை எடைக்குப் போடாதீர்கள், துணியில் சுற்றிப் பரணில் வையுங்கள். உங்கள் இன்சூரன்ஸ் பாலிசியின் சிறிய எழுத்துகளில், போட்டி, வேகச் சோதனை ஆகியவற்றில் பயன்படுத்தினால் பொருந்தாது என்று இருக்கும். ஆகவே தடத்தில் விழுந்தால் செலவு முழுக்க உங்களுடையது. இத்தனைக்கும் தயார் என்றால் செய்யுங்கள். நூறு பேரிடம் சொல்லியிருக்கிறேன், டெம்போ பிடித்தவர்கள் மூன்று பேர்.

கடைசியாக ஆர்.சி. நான்கு மாதமாகியும் மாற்றவில்லை! விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். படிவம் 29, படிவம் 30. முதல் உரிமையாளர் வெற்றுப் படிவத்தில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்திருப்பார். அது புரோக்கரின் மேசை இழுப்பறையில் தூங்கிக்கொண்டிருக்கும், அதற்குள் பைக் கை மாறிக்கொண்டே போகும். உங்கள் பெயரில் இல்லாத பைக் திருடுபோனால் எந்த முகத்தோடு இழப்பீடு கேட்பீர்கள்? முதல் உரிமையாளரின் நிலையும் பரிதாபம்தான். வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் பதிவேட்டில் பெயர் உள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதை அவரிடம் போனில் சொல்லுங்கள், கையெழுத்துப் போட அவரே ஓடி வருவார். பைக் மீது கடன் இருந்திருந்தால், நிதி நிறுவனத்தின் தடையில்லாக் கடிதமும் படிவம் 35-உம் வேண்டும். பழைய அபராதச் சலான்கள் நிலுவையில் உள்ளனவா என்றும் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

பழைய வண்டி விற்பவர்கள் அங்கீகாரச் சான்று பெற வேண்டும், வண்டி தங்கள் கைக்கு வந்ததும் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஏப்ரல் 1 முதல் விதியே இருக்கிறது. உங்கள் புரோக்கரிடம் அந்தச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். அவர் சிரிப்பார். விதி போட்டவர்கள் ஒரு நாள் சந்தைக்கு வந்து அந்தச் சிரிப்பைப் பார்க்க வேண்டும்.

இந்த வாரம் விடுப்பு எடுத்தாவது ஆர்.சி. வேலையை முடியுங்கள், புரோக்கரை நம்பி அல்ல, நீங்களே போய். அடுத்த வாரம் சரியான ஆயில் மாற்றி, 200 கி.மீ. ஓட்டிவிட்டு, நான்காவது கியர் சோதனை செய்யுங்கள். அப்போதும் ஆர்.பி.எம். தனியாகத் தாவினால் கிளட்ச் தட்டுகளை மாற்ற வேண்டியதுதான். தாவவில்லை என்றால், இரண்டு ஸ்ப்ராக்கெட்டிலும் எத்தனை பல், வி.வி.ஏ. எழுத்து எரிகிறதா, ஆர்.பி.எம். எங்கே நிற்கிறது என்ற மூன்றையும் எழுதி அனுப்புங்கள்.