கல் அடித்த கண்ணாடி: காப்புறுதி எதற்குப் பணம் தரும், எதற்குத் தராது?

வாசகர் கேள்வி – பதில்: வாகனப் பக்கம்

பகாவ் சுற்றுவட்டாரத்திலிருந்து கார் கண்ணாடி பற்றித் தொடர்ந்து கடிதங்கள் வருகின்றன. காரணம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்ததுதான். தோட்டத்துச் செம்மண் சாலையிலிருந்து ஏறும் லோரிகள் இரட்டை டயருக்கு நடுவில் கல்லை இடுக்கிக்கொண்டு வந்து, பெரிய சாலையில் வேகம் எடுத்ததும் உதறிவிடுகின்றன. ஒரே விஷயமாக வந்த கடிதங்களைச் சேர்த்து, இந்த இதழில் கண்ணாடிக்கு மட்டும் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

என் மைவி காருக்கு முழுக் காப்புறுதி இருக்கிறது. ரொம்பின் போகும் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் போனபோது கல் தெறித்து முன்கண்ணாடி விரிந்துவிட்டது. முகவரைக் கேட்டால், “கண்ணாடிக்குத் தனியாக எடுக்கவில்லையே அக்கா” என்கிறார். முழுக் காப்புறுதி என்றால் கண்ணாடியும் அடக்கம்தானே?
– வாசகி, பகாவ்

முகவர் சொன்னது பாதிதான். முழுக் காப்புறுதியில் கண்ணாடியும் காரின் ஒரு பாகம்தான். அதற்காக நீங்கள் இழப்பீடு கேட்கலாம். ஆனால் அது சொந்தச் சேதக் கோரிக்கையாகப் பதிவாகும், கோரிக்கை வைக்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் உங்களுக்குக் கிடைக்கும் என்சிடி சலுகை பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். என்சிடியைத் தொடாமல் கண்ணாடி மாற்ற வேண்டுமென்றால், பாலிசி எடுக்கும்போதே கண்ணாடிக்கான கூடுதல் இணைப்பைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். பாலிசித் தாளில் 89 என்ற எண்ணோடு இருப்பது அதுதான்.

என்சிடி போனால் எவ்வளவு நட்டம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். தனியார் காருக்கு அது ஆண்டுக்கு ஆண்டு 25, 30, 38.33, 45, 55 விழுக்காடு என்று ஏறும். சலுகைக்கு முந்தைய உங்கள் பிரீமியம் 1,500 ரிங்கிட், இப்போது 55 விழுக்காட்டில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கட்டுவது 675 ரிங்கிட். கண்ணாடிக்காகக் கோரிக்கை வைத்தால் அடுத்த ஆண்டு முழு 1,500. அதற்கடுத்து 1,125, 1,050, 925, 825 என்று இறங்கி, ஆறாம் ஆண்டில்தான் பழைய 675-க்குத் திரும்புவீர்கள். பிரீமியம் மாறாமல் இருந்தாலே இந்த ஐந்து ஆண்டில் கூடுதலாகக் கட்டுவது ஏறக்குறைய 2,050 ரிங்கிட். உங்கள் கண்ணாடிக்கு இத்தனை ஆகுமா என்று முதலில் கடையில் விசாரியுங்கள். ஆகாது என்றால் கைக்காசைப் போட்டு மாற்றுவதே லாபம். அடுத்த முறை புதுப்பிக்கும்போது இணைப்பைச் சேர்த்துவிடுங்கள்.

மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பேச்சே இல்லை. அவர்களுக்குக் கண்ணாடி கைச்செலவுதான்.

கண்ணாடிக்கு எவ்வளவு தொகைக்கு எடுப்பது? முகவர் ஒவ்வொரு வருடமும் 500 ரிங்கிட் என்றே போடுகிறார்.
– வாசகர், செர்த்திங்

500 என்பது கைப்பழக்கத்தில் விழும் எண். உங்கள் காரைப் பார்த்துப் போட்டதாக இருக்காது. இணைப்புக்கான கட்டணம் வழக்கமாகக் காப்புத் தொகையில் 15 விழுக்காடு: 500-க்கு 75 ரிங்கிட், 800-க்கு 120, 1,000-க்கு 150. அதற்கு மேல் 8 விழுக்காடு சேவை வரி. என்சிடி தள்ளுபடி இந்தப் பகுதிக்குக் கிடைக்காது.

தொகையை முடிவு செய்யும் முன் கண்ணாடிக் கடைக்கு ஒரு போன் போட்டு, நான்கு செலவையும் சேர்த்து விலை கேளுங்கள்: கண்ணாடி, ஓரத்து ரப்பர் பட்டை, கூலி, டின்டட் ஃபிலிம். மறந்துபோவது ஃபிலிம்தான். நல்ல ஃபிலிம் ஒட்டியவர்களுக்குச் சில சமயம் அதுவே கண்ணாடி விலையைத் தொட்டுவிடும். ஃபிலிமும் காப்பில் சேருமா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். புதிதாக ஒட்டும்போது முன்கண்ணாடியில் 70 விழுக்காடு, முன்பக்கக் கதவுகளில் 50 விழுக்காடு ஒளியாவது உள்ளே வர வேண்டும் என்பது சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் விதி. அதைவிட இருட்டாக ஒட்டிவிட்டு அந்தச் செலவையும் கேட்டால் தகராறுதான்.

முன்கண்ணாடிக்குப் பின்னால், பின்பக்கம் பார்க்கும் நடுக்கண்ணாடிக்குப் பக்கத்தில் கேமரா உள்ள கார் என்றால் ஐந்தாவது செலவும் உண்டு. பெரோடுவாவின் ஏஎஸ்ஏ எனும் மோதல் தடுப்பு வசதியுள்ள அத்தீவா, புது அல்சா, புது மைவி, புரோட்டோன் எக்ஸ்50, எக்ஸ்70 ஆகியவற்றின் உயர்ரக மாடல்களில் இது இருக்கும். கண்ணாடி மாற்றியதும் கேமராவை மறுபடி அளவு சரிபார்க்க வேண்டும். கேமரா கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி தப்பான நேரத்தில் பிடிக்கும், அல்லது பிடிக்காமலே விடும்.

தேவைக்கு மேல் 3,000 என்று போடுவதிலும் பயனில்லை. பில் தொகை, காப்புத் தொகை இரண்டில் எது குறைவோ அதைத்தான் தருவார்கள்.

பழைய வீரா கார் வைத்திருக்கிறேன். கண்ணாடி இணைப்பு எடுக்கத்தான் வேண்டுமா?
– வாசகர், ஜெம்போல்

15 விழுக்காடு என்றால் ஆறேழு ஆண்டுக்கு ஒரு கண்ணாடி உடைந்தால்தான் கொடுத்ததும் வாங்கியதும் சரியாகும். டவுனுக்குள்ளேயே ஓடும் கார், கண்ணாடியும் மலிவு என்றால் விட்டுவிடலாம். தினமும் மில்லுக்குப் போகும் லோரிகளோடு ஒரே சாலையில் ஓட்டுகிறீர்கள் என்றால் எடுங்கள்.

இணைப்பு இருக்கிறது, கண்ணாடியும் உடைந்துவிட்டது. அடுத்து என்ன செய்வது? பழக்கமான பட்டறையில் மாற்றிவிட்டுப் பில்லைக் கொடுத்தால் போதுமா?
– வாசகி, கோலப்பிலா

போதாது. பணம் மறுக்கப்படுவதற்கு முதல் காரணமே அதுதான். கண்ணாடியைக் கழற்றும் முன் நிறுவனத்துக்கோ முகவருக்கோ போன் செய்து ஒப்புதல் வாங்கிவிட வேண்டும்.

அதற்கும் முன் படம் எடுங்கள். பதிவு எண் தெரிய முழுக் காரின் படம் ஒன்று, உடைந்த இடத்தின் கிட்டத்துப் படம் ஒன்று, எண்ணும் உடைசலும் ஒரே சட்டத்துக்குள் விழும் படம் ஒன்று. மூன்றாவதை விட்டுவிட்டு, “இது உங்கள் கார்தான் என்று எப்படித் தெரியும்?” என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் நிற்பவர்கள் உண்டு. பழைய கண்ணாடியைக் கழற்றிய பின் ஒன்று, புதியதைப் பொருத்திய பின் ஒன்று எடுத்துத் தரும்படி கடைக்காரரிடமும் சொல்லிவையுங்கள்.

நிறுவனத்தின் பட்டியலில் உள்ள கடைக்குப் போனால், காப்புத் தொகைக்குள் இருக்கும்வரை நீங்கள் பணம் கொடுக்க வேண்டியிருக்காது. கடைக்காரரே நிறுவனத்திடம் வசூலித்துக்கொள்வார். பட்டியலில் இல்லாத கடை என்றால் முதலில் நீங்கள் கட்டி, பிறகு திரும்ப வாங்க வேண்டும். அதற்கு மைகார்டு நகல், ஓட்டுநர் உரிமம், கிரான் (வாகனப் பதிவுச் சான்று) நகல், கோரிக்கைப் பாரம், கடையின் அசல் பில், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவை வேண்டும். பில்லில் காரின் எண்ணும், எந்தக் கண்ணாடி என்பதும், ஃபிலிமுக்குத் தனி வரியும் இருக்கட்டும். “கண்ணாடி – 900” என்று மொத்தமாக எழுதிய பில்லைத் திருப்பி அனுப்புவார்கள். கல் பட்டு உடைந்ததற்குப் பல நிறுவனங்கள் போலீஸ் புகார் கேட்பதில்லை. யாரோ உடைத்தது, திருட்டு என்றால் புகார் அவசியம். போனில் பேசும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் வந்ததோடு அந்த இணைப்பு பொதுவாக முடிந்துவிடுகிறது. அடுத்த வாரமே இன்னொரு கல் விழுந்தால் காப்பு இருக்காது. தொகை கட்டி மறுபடி சேர்க்க முடியுமா என்று புதுக் கண்ணாடி போட்ட கையோடு கேளுங்கள்.

முன்கண்ணாடியில் மிளகு அளவுக்கு ஒரு குத்து. இதற்கு முழுக் கண்ணாடியையும் மாற்ற வேண்டுமா?
– வாசகர், பகாவ்

வேண்டியதில்லை, ஆனால் தள்ளிப்போடாதீர்கள். முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. கல் பெரும்பாலும் வெளித்தகட்டை மட்டும்தான் குத்துகிறது. அந்தக் குழியில் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, பிசினைச் செலுத்தி, புற ஊதா விளக்கில் இறுக வைப்பார்கள். தழும்பு லேசாகத் தெரியும், விரிசல் ஓடாது.

குத்து 50 சென் காசுக்குள் மறைய வேண்டும், ஓட்டுநர் கண்ணுக்கு நேரே இருக்கக் கூடாது, கண்ணாடி ஓரத்திலிருந்து நான்கு விரல் தள்ளியாவது இருக்க வேண்டும். ஓரத்தில் ஏற்கெனவே இழுவிசை அதிகம். அங்கே விழுந்த குத்து எத்தனை பிசின் போட்டாலும் ஓடிவிடக்கூடும். உள்தகடும் விரிந்திருந்தால் மாற்றுவதுதான் வழி. விரல் நகத்தால் உள்பக்கம் தடவிப் பாருங்கள், தட்டுப்படும்.

கடைக்குப் போகும்வரை குத்தின் மேல் தெளிவான செலோடேப் ஒரு துண்டு ஒட்டுங்கள். நீரும் தூசும் புகுந்துவிட்டால் பிசின் பிடிக்காது. வெயிலில் காய்ந்த காரில் ஏறியதும் ஏர்கோனை முழு வேகத்தில் கண்ணாடிப் பக்கம் திருப்பாதீர்கள். உள்தகடு சட்டென்று குளிர, வெளித்தகடு சூடாகவே இருக்க, அந்த இழுபறியில்தான் காலையில் மிளகளவு இருந்த குத்து மாலையில் ஒரு முழ விரிசலாகிறது.

பக்கக் கண்ணாடிகளுக்கும் பின்கண்ணாடிக்கும் இந்த வைத்தியம் செல்லாது. அவை பெரும்பாலான கார்களில் சூடேற்றிக் கடினமாக்கிய ஒற்றைக் கண்ணாடி. உடைந்தால் கல்கண்டு மாதிரி மொத்தமாக உதிர்ந்துவிடும்.

புதுக் கண்ணாடி போட்டு அரை மணி நேரத்தில் “எடுத்துட்டுப் போங்க” என்றார்கள். இப்போது மழை பெய்தால் கால் பக்கம் தண்ணீர் சொட்டுகிறது. எங்கே தப்பு?
– வாசகர், பாலோங்

கண்ணாடியில் அல்ல, அதை ஒட்டிய விதத்தில். பழைய கண்ணாடியை அறுத்தெடுத்த பின் சட்டத்தில் மிஞ்சும் பழைய யூரித்தேன் பசையை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்குச் சீவிவிட்டு, அதன் மேலேயே புதுப் பசையை இட வேண்டும். அறுக்கும்போது கத்தி பட்டு வர்ணம் பெயர்ந்த இடங்களில் பிரைமர் பூச வேண்டும். பூசாவிட்டால் துரு பிடித்து, பசையைத் தகரத்திலிருந்து கிளப்பிவிடும். கண்ணாடி ஓரத்தைத் துடைத்துப் பிரைமர் பூசிய பிறகு அதில் விரல் படக் கூடாது. கை எண்ணெய் பட்ட இடத்தில் பசை ஒட்டாது. பசையை இடைவெளியில்லாமல் ஒரே கோடாக முக்கோண வடிவில் இட வேண்டும். ஓரிடத்தில் கோடு அறுந்தாலும் உங்கள் கால் பக்கம் நனைவதுபோல்தான் ஆகும்.

யூரித்தேன் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத்தான் இறுகுகிறது. பசையின் வகையைப் பொறுத்து ஒரு மணி முதல் பல மணி நேரம் வரை காரை எடுக்கக் கூடாது. எவ்வளவு என்பது பசைக் குழாயின் மேலேயே அச்சிட்டிருக்கும். காலாவதி தேதியும் அதில் இருக்கும், இரண்டையும் கேட்டுப் பாருங்கள். விபத்தில் பயணிப் பக்கத்து ஏர்பேக் கண்ணாடியில் சாய்ந்துதான் விரிகிறது, கார் உருண்டால் கூரையைத் தாங்குவதிலும் கண்ணாடிக்குப் பங்குண்டு. ஆகவே அரை மணி நேரம் என்பதை நம்பாதீர்கள். யூரித்தேனுக்குப் பதில் சிலிக்கோன் பூசி முடிக்கும் கடை என்றால் காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

முதல் நாள் ஒரு ஜன்னலை விரல் கனம் திறந்து வையுங்கள். எல்லாம் மூடியிருக்கும்போது கதவைப் படார் என்று சாத்தினால் உள்ளே அடைபட்ட காற்று பச்சைப் பசையைத் தள்ளும். அழுத்த நீர் அடிக்கும் கார் வாஷ் பக்கமும் அன்று போகாதீர்கள்.

உங்கள் காரை அதே கடைக்குக் கொண்டுபோய், வெளியே ஒருவர் ஹோஸ் பைப்பில் கீழிருந்து மேலாக மெதுவாக நீர் விட, உள்ளே ஒருவர் டார்ச் அடித்து எங்கே கசிகிறது என்று பாருங்கள். வெளியே சிலிக்கோன் தடவி அடைத்துக் கொடுத்தால் ஏற்காதீர்கள். கண்ணாடியைக் கழற்றி மறுபடி ஒட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று: டோல் கட்ட முன்கண்ணாடியில் ஒட்டிய டச் என் கோ ஆர்எஃப்ஐடி வில்லை பழைய கண்ணாடியோடு போய்விடும்; உரித்து ஒட்டினால் வேலை செய்யாது. புது வில்லை வாங்கிப் பதிய வேண்டும்.

பாசார் மாலாமில் கார் கண்ணாடியை உடைத்துக் கைப்பையை எடுத்துவிட்டார்கள். இரண்டுக்கும் கிடைக்குமா?
– வாசகி, பகாவ்

கண்ணாடிக்கு இணைப்பின் கீழ் கிடைக்கும். பக்கக் கண்ணாடியும் அதில் சேரும். கைப்பைக்குக் கிடைக்காது.

கல் தெறித்த லோரியின் காப்புறுதியிடமே கேட்டால் என்ன?
– வாசகர், ரொம்பின்

கேட்கலாம். லோரியின் மூன்றாம் தரப்புக் காப்புறுதி மற்றவர் சொத்துச் சேதத்துக்கும் பொறுப்பு. ஆனால் லோரி எண் வேண்டும், 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் வேண்டும், தவறு லோரிக்காரருடையது என்று காட்டவும் வேண்டும். வலை கட்டாமல் ஏற்றிய குலையோ கட்டையோ விழுந்தது டேஷ்கேமில் பதிவாகியிருந்தால் வாதாட இடமுண்டு. சாலையில் கிடந்த கல் டயரில் பட்டுத் தெறித்தது என்றால் நிரூபிப்பது கடினம், அலைச்சலுக்குக் கட்டுப்படியாகாது.

புயல் காற்றில் ரப்பர் மரக்கிளை விழுந்து கண்ணாடியோடு போனட்டும் நசுங்கிவிட்டது. நிறுவனம் மறுக்கிறது. யாரிடம் போவது?
– வாசகர், செர்த்திங்

தகடும் நசுங்கிய பிறகு இது கண்ணாடி இணைப்பின் விஷயமே இல்லை, சொந்தச் சேதக் கோரிக்கை. மேலிருந்து பொருள் விழுந்தால் முழுக் காப்புறுதி ஏற்கும். புயல், வெள்ளம், நிலச்சரிவு போன்ற இயற்கைச் சீற்றத்தால் விழுந்தால், சிறப்பு ஆபத்து இணைப்பு இருந்தால்தான் ஏற்கும். பாலிசியில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தும் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதலில் நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள். அவர்களின் இறுதி முடிவும் சரியில்லை என்றால், அந்தக் கடிதம் கிடைத்த ஆறு மாதத்துக்குள், எஃப்எம்ஓஎஸ் எனப்படும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்பு அமைப்பிடம் கட்டணமின்றி முறையிடலாம். முன்பு ஓஎஃப்எஸ் என்ற பெயரில் இருந்த அமைப்புதான் 2025 ஜனவரி முதல் இப்படி இயங்குகிறது. கிளை விழுந்த படங்கள், போலீஸ் புகார், பாலிசி நகல், மறுப்புக் கடிதம் நான்கையும் சேர்த்து அனுப்புங்கள்.